முதுநிலை மருத்துவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, துறைத் தலைவர்களே, சீனியர்களே, இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் முதலாமாண்டுத் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. டியூட்டி அறைக்குக் கட்டில், விடுதித் தண்ணீர், உதவித்தொகை தாமதம் மூன்றுக்கும் மனு கொடுத்தோம். கட்டில் வந்துவிட்டது. மற்ற இரண்டுக்கும் இன்னும் நடையாய் நடக்கிறோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

மீதி அறிக்கை முழுவதும் ஒரே வேலையைப் பற்றியது. முதுநிலை மாணவர்களான, அதாவது பி.ஜி.க்களாகிய, நமக்குக் கற்றுக்கொடுக்கக் கற்றுக்கொடுப்பது. இது எதற்கு என்று கேட்டவர்களுக்கு என் சொந்தக் கதையையே பதிலாகச் சொல்லிவந்தேன், இங்கும் சொல்கிறேன்.

நான் இரண்டாமாண்டு படித்தபோது ஒரு அட்மிஷன் டே, அதாவது எங்கள் யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் நாளின் இரவு. ஹவுஸ் சர்ஜன் (எம்.பி.பி.எஸ். முடித்துப் பயிற்சியில் இருப்பவர்) தம்பி ஒருவரை ஏ.பி.ஜி., அதாவது தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் பரிசோதனைக்கு, ரத்தம் எடுக்கச் சொன்னேன். மணிக்கட்டில் மூன்று முறை குத்தியும் ரத்தம் வரவில்லை. நோயாளியின் எதிரிலேயே கத்திவிட்டு, ஊசியை வாங்கி நானே எடுத்தேன். அரை நிமிட வேலை. நாடித்துடிப்பை இரண்டு விரலால் எப்படி நிறுத்திப் பிடிப்பது, ஊசியை எவ்வளவு சாய்ப்பது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தம்பி போஸ்டிங் முடியும்வரை என் பக்கமே வரவில்லை. அவர் இன்று எங்கோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக நின்று நோயாளி பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த இரவு அவர் என்னிடம் கற்றுக்கொண்டது பயத்தை மட்டும்தான்.

நம்மில் பலருக்கு இப்படி ஒரு இரவு இருக்கும். யூனிட் தலைவரான சீஃப் ரவுண்ட்ஸில் பாடம் எடுப்பார். ஆனால் இரவு இரண்டு மணிக்கு மூக்கு வழியாக வயிற்றுக்குள் ரைல்ஸ் டியூப் போடவும், இறப்புச் செய்தியைக் குடும்பத்திடம் சொல்லவும் ஹவுஸ் சர்ஜன் யாரைப் பார்த்துப் பழகுகிறார்? நம்மைத்தான். இளநிலை மாணவர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் கற்பிப்பதில் முதுநிலை மாணவர்கள் பங்கேற்க வேண்டும் என்பது பழைய மருத்துவக் கவுன்சில் காலத்திலிருந்தே விதி. கற்பிக்கச் சொல்லும் விதி இருக்கிறது. எப்படிக் கற்பிப்பது என்று சொல்லித்தரும் வகுப்புதான் இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் மருத்துவக் கல்வி அடிப்படைப் பயிற்சி ஆசிரியர்களுக்கானது, நமக்கு இல்லை. அமெரிக்காவில், மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் ரெசிடென்டுகளை (நம்மைப் போன்ற பயிற்சி மருத்துவர்களை) அதற்குத் தயார்ப்படுத்தியே ஆக வேண்டும் என்பது மருத்துவக் கல்லூரி அங்கீகாரத்துக்கான நிபந்தனைகளில் ஒன்று.

அதனால் நாமே ஆரம்பித்தோம். மருத்துவக் கல்விப் பிரிவுப் பேராசிரியர் வழிகாட்ட, ஆறு மாலை வகுப்புகள்.

முதல் வகுப்பு அறுவைத் துறையில். அங்கே ஒரு பழைய வாக்கு உண்டு: ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைச் சொல்லிக்கொடு. இடையில் எவ்வளவு விட்டுப்போகிறது என்பதை பேட்டன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் 1998-இல் நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார். முதலில் பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்து காட்ட வேண்டும். அடுத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே மெதுவாகச் செய்ய வேண்டும். மூன்றாவதில் கற்பவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார். கடைசியில் கற்பவரே சொல்லிக்கொண்டு செய்வார். தையல் போடுவதை இப்படிச் சொல்லிக்கொடுத்துப் பார்க்க, கறிக்கடையில் வாங்கிய கோழிக்கால், நீடில் ஹோல்டர், நூல் என்று உட்கார்ந்தோம்.

மூன்றாமாண்டு அறுவை சிகிச்சை மாணவர், வார்டில் நல்ல கை என்று பெயர் எடுத்தவர், இரண்டாவது படியில் நின்றுவிட்டார். கை தைக்கிறது, வாய் "இப்படி, அப்புறம் இப்படி" என்கிறது. பேராசிரியர் நிறுத்தி, "'இப்படி'ன்னா எப்படிப்பா?" என்று கேட்டார். திரும்பவும் செய்தார். நான்காவது முறைதான் வார்த்தை வந்தது: ஊசி தோலுக்குள் நேர்குத்தாக இறங்க வேண்டும், பிறகு தள்ளக் கூடாது, ஊசியின் வளைவு போகும் போக்கிலேயே மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். கைக்குத் தெரிந்தது வாய்க்கு வர இவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மகப்பேறு பி.ஜி.க்களால் எந்த மாலையும் வர முடியவில்லை. பிரசவ வார்டு நமக்காக நிற்காதே. சரி, வகுப்பை நாம் அங்கே கொண்டுபோவோம் என்று தாழ்வாரத்தில் இருபது நிமிடம் கேட்டு வாங்கினோம். இரண்டாமாண்டுத் தங்கை ஒருவர் ஒரு துணிப்பையோடு வந்தார். பத்து ரூபாய் நாணயம், அது 3 செ.மீ.-க்குச் சற்றுக் குறைவு. குழந்தை வளையல், 4 செ.மீ. அவருடைய சொந்த வளையல், 6 செ.மீ. 10 செ.மீ.-க்கு ஒரு டப்பா மூடி. எல்லாவற்றையும் துண்டுக்கு அடியில் வைத்து, பார்க்காமல் இரண்டு விரலை விரித்துக் கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லச் சொன்னார். முதல் சுற்றில் வளையலை எட்டு என்றவர்கள் பலர். அளவுகோலை வைத்துத் தங்கள் விரல்களையே அளந்த பிறகு சரியாகச் சொன்னார்கள். வலியில் துடிக்கும் பெண்ணிடம் யாரும் முதல் பாடம் படிக்க வேண்டியதில்லை. இந்த ஆண்டின் மிகச் சிறந்த வகுப்பு இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து.

காஷுவாலிட்டிக்கு ஒத்துவந்தது, அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் 1992-இல் எழுதிய, கற்பவரையே கேட்டுக் கேட்டுச் சுருக்கமாகக் கற்பிக்கும் ஒரு நிமிட முறை. நேரமில்லாத இடத்துக்கென்றே வந்தது. வகுப்பு முடிந்த அடுத்த அட்மிஷன் டேயில் ஒரு ஹவுஸ் சர்ஜன் ஓடி வந்தார்: "மேடம், மூச்சுத் திணறலோடு ஒருத்தர்." பழைய நானாக இருந்தால் எழுந்து போய் மருந்தை எழுதியிருப்பேன். இம்முறை நடந்துகொண்டே கேட்டேன்.

"உங்களுக்கு என்னன்னு தோணுது?"

"ஆஸ்துமா மேடம்."

"எதை வச்சு சொல்றீங்க?"

"வீசிங் இருக்கு."

படுத்தால் அதிகமாகிறதா, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பார்த்தோம். இருந்தது. காலிலும் வீக்கம். நடுவயதில் முதல்முறையாக வீசிங் என்றால் இதயத்தைப் பார்க்காமல் ஆஸ்துமா என்று முடிக்காதீர்கள் என்று ஒரே ஒரு பொது விதி சொன்னேன். ஆக்சிஜன் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டது சரி. நெபுலைசர் மட்டும் போதாது, உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லாசிக்ஸும் வேண்டும் என்றேன். அவ்வளவுதான். அடுத்த வாரம் அதே மாணவர், நான் கேட்பதற்கு முன்பே கழுத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

நோயாளியின் படுக்கையருகே நடக்கும் பெட்சைட் கிளாஸ் பற்றிய வகுப்பில் ஒன்றை மட்டும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். மண்ணீரல் வீங்கிய ஒரு அம்மாவிடம் பேராசிரியர் அனுமதி கேட்டபோது அவர் சொன்னது: "பாருங்க சாமி. ஆனா காலையிலேயே எட்டுப் பேரு அமுக்கிட்டாங்க." அன்று யாரும் அவரைத் தொடவில்லை. ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் எத்தனை பேர், யார் முதலில் கேட்டு அனுமதி வாங்குவது என்று இப்போது வார்டில் பேசி வைத்துக்கொள்கிறோம்.

குறைகளும் உண்டு. மூன்று மாத மாவட்ட மருத்துவமனைப் பணிக்குப் போனவர்கள் பாதியில் விட்டுப்போனார்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதத்தில் வகுப்பே நடக்கவில்லை. மயக்கவியல், எலும்பியல் துறைகளை நாம் எட்டவேயில்லை. அது என் பொறுப்பில் விட்டுப்போனது.

கல்லூரி நிர்வாகத்திடம் மூன்று கேட்கிறோம். முதலாமாண்டு பி.ஜி.க்கள் சேரும் வாரத்திலேயே இந்தப் பயிற்சி வேண்டும். டியூட்டிப் பட்டியலில் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். நாம் பாடம் எடுப்பதை ஒரு ஆசிரியர் கூட இருந்து பார்த்து, சரியையும் தவறையும் சொல்லி, லாக்புக்கில் கையெழுத்திட வேண்டும். எல்.பி. (முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுப்பது) நாம் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள் இதையும் பார்க்கலாம். ஹவுஸ் சர்ஜன்கள் பெயர் போடாமல் நம்மைப் பற்றி எழுதித் தரவும் வழி செய்கிறோம்.

வளையல் கொடுத்தவருக்கும், தாழ்வாரத்தில் இடம் கொடுத்த பிரசவ வார்டு சிஸ்டர்களுக்கும், வழிகாட்டிய பேராசிரியருக்கும் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்
(பொது மருத்துவம், மூன்றாமாண்டு)