பெட்டிக்கு முன் தையல்: தமிழ்க் காமிக்ஸ் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பதிப்பாளர்களுக்கு வணக்கம்.

கேரள எல்லை மலையில், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களில் தமிழில் காமிக்ஸ் வாசிக்கிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். ‘வாட்ச்மென்’ கதை தமிழில் பெரிய ஹார்ட்கவர் பதிப்பாக வர வேண்டும் என்பது எங்கள் ஆசை. அப்படி வரும்போது உங்கள் பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்று சொல்லவே இந்த மடல். சிறப்புப் பதிப்பு என்றாலே ஸ்லிப்கேஸ் எனும் நூலைச் செருகி வைக்கும் பெட்டி, ஃபாயில் எழுத்து, பட்டு ரிப்பன் என்று பேச்சு தொடங்குகிறது. அவை கடைசியில் வரட்டும். முதலில் நூலின் அளவு, அடுத்து வசனம் வரும் பலூனுக்குள் இருக்கும் எழுத்து, அதற்கடுத்து தையல்.

ஆலன் மூர் எழுதி, டேவ் கிப்பன்ஸ் வரைந்து, ஜான் ஹிக்கின்ஸ் வண்ணமிட்ட இந்தக் கதையை 1986-87இல் அமெரிக்காவின் டிசி நிறுவனம் 12 இதழ்களாக வெளியிட்டது. 2005இல் ‘ஆப்சலூட்’ என்ற பெரிய அளவுச் சிறப்புப் பதிப்பு கிப்பன்ஸ் மேற்பார்வையில் தயாரானபோது ஹிக்கின்ஸே வண்ணங்களைச் சீர்செய்து கொடுத்தார். உரிமம் பேசும்போதே அந்தத் திருத்திய கோப்புகளைக் கேளுங்கள்.

அளவுக்கு வருவோம். அமெரிக்க இதழின் பக்கம் 6⅝ அங்குல அகலம், 10¼ அங்குல உயரம். கிப்பன்ஸ் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்ற கணக்கில் வரைந்திருப்பதால் பலூன்கள் எல்லாமே சிறியவை. இரண்டெழுத்து, மூன்றெழுத்து ஆங்கிலச் சொற்கள் உட்கார்ந்த இடத்தில் ‘பார்த்துக்கொண்டிருந்தான்’ உட்கார வேண்டும். அதே அளவில் அச்சிட்டால் எழுத்தை ஆறு பாயிண்டுக்குக் குறைப்பதா, வசனத்தை வெட்டுவதா என்ற நெருக்கடி வரும். பக்கத்தை 8 அங்குலத்துக்கு 12¼ ஆக்கினால் பலூனின் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது, எட்டு பாயிண்ட் எழுத்து தாராளமாக நிற்கும். ஆங்கிலத்துக்குப் பெரிய அளவு ஓர் ஆடம்பரம். தமிழுக்கு அது தேவை. விலை கூடுகிறதென்று அளவில் மட்டும் கைவைக்காதீர்கள்.

எழுத்தைக் கறுப்பு ஒற்றை மையில் மட்டும் அச்சிட வேண்டும். படத்தோடு சேர்த்து ஒரே பிம்பமாக்கிவிட்டால் எழுத்து நான்கு மையிலும் உடைந்து போகும். ரெஜிஸ்டர், அதாவது நான்கு மையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, இம்மி விலகினாலும் கொம்பிலும் காலிலும் சிவப்பும் நீலமும் நிழலாடும், புள்ளி அடைந்துபோய் ‘ம்’ எது, ‘ம’ எது என்று தெரியாது. ஃபான்ட் தேர்ந்தெடுக்கும்போது ‘ளை’, ‘ழி’, ‘ண்’ மூன்றையும் எட்டு பாயிண்டில் அச்சடித்துப் பாருங்கள். திரையில் பார்ப்பது போதாது.

பலூனின் வடிவமும் கதைதான். கதையின் முகமூடி நாயகர்களில் ஒருவனான ரோர்ஷாக்கின் பலூன் விளிம்பு கரடுமுரடாக இருக்கும். ஆறாம் அத்தியாயத்தில், அவன் முழு ரோர்ஷாக்காக மாறுவதற்கு முந்தைய காட்சிகளில், அதே ஆள் சாதாரணப் பலூனில் பேசுகிறான். அதீத சக்தி கொண்ட டாக்டர் மன்ஹாட்டனின் பலூன் நீலம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே வெள்ளை வட்டம் போட்டால் எழுதாமலே சொன்ன ஒரு பாதி காணாமல் போகும்.

மொழிபெயர்ப்பாளருக்கும் சில வார்த்தைகள். ரோர்ஷாக் தன் நாட்குறிப்பில் ‘நான்’ என்பதையே விழுங்கிவிட்டு எழுதுகிறான். ஆங்கிலத்தில் அது காதில் உறுத்தும். தமிழில் ‘நான்’ இல்லாவிட்டாலும் ‘போனேன்’ என்ற வினையிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் உறுத்தல் கிடைக்காது. இங்கே வினைமுற்றை வெட்ட வேண்டும்: ‘சந்தில் ரத்தம். இன்னும் ஈரம்.’ என்கிற மாதிரி. நான்காம் அத்தியாயத்தில் மன்ஹாட்டனுக்கு நேற்றும் நாளையும் ஒரே நேரத்தில் நடக்கின்றன, அதனால் எல்லாவற்றையும் நிகழ்காலத்தில் சொல்கிறான். பழக்கதோஷத்தில் கை ‘விழுந்தது’, ‘விழும்’ என்று எழுதப் பார்க்கும். அத்தனையும் ‘விழுகிறது’ ஆகாவிட்டால் அந்த அத்தியாயமே இல்லை.

சுவரெழுத்தில் இன்னும் கவனம் வேண்டும். காவலர்களைக் காவல் காப்பது யார் என்ற கேள்வி நகரச் சுவர்களில் திரும்பத் திரும்ப வருகிறது, ஆனால் எந்தக் கட்டத்திலும் முழுதாகத் தெரியாது. ஆளோ கட்டத்தின் ஓரமோ மறைத்துவிடும். ஆங்கிலத்தில் கேள்விச்சொல் முதலில் நிற்கிறது, தமிழில் ‘யார்’ கடைசிக்குப் போகிறது. ஆகவே கட்டத்துக்குக் கட்டம் எந்தத் துண்டு தெரிய வேண்டும் என்று தனியாக ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு செய்யுங்கள். முழு வாக்கியத்தையும் அடிக்குறிப்பாகப் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

ஒவ்வோர் இதழின் அட்டையும் அந்த அத்தியாயத்தின் முதல் கட்டமாகவே வரையப்பட்டது. அட்டைகளைப் பின்பக்கக் கேலரிக்குத் தள்ளினால் 12 அத்தியாயங்களும் இரண்டாம் கட்டத்தில் தொடங்கும். முதல் 11 அத்தியாயங்களின் முடிவில் வரும் உரைநடைப் பக்கங்களும் முழுதாக வேண்டும்.

இனி கட்டுமானம். ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 28 பக்கங்களும் கண்ணாடியில் பார்த்ததுபோல முன்னும் பின்னும் ஒத்துப்போகின்றன. கண்ணாடியின் கோடு 14, 15ஆம் பக்கங்களுக்கு நடுவே, அதாவது நூலின் மடிப்பிலேயே விழுகிறது. தைக்காமல் பசையால் மட்டும் ஒட்டும் பர்ஃபெக்ட் பைண்டிங்கில் முதுகைச் சுரண்டும்போது 3 மில்லிமீட்டர் போகும், பசை இறுக்கி நிறுத்துவதில் இன்னும் கொஞ்சம் மறையும். எந்தச் சமச்சீருக்காக அந்த அத்தியாயமே வரையப்பட்டதோ, அது பசைக்குள் போய்விடும். தாள்களை 16 பக்கக் கட்டுகளாக, அதாவது ஃபாரங்களாக, மடித்துத் தைத்தால் பக்கம் விரிந்து படுக்கும். முன்பக்கங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்து அந்த இரண்டு பக்கமும் ஒரு ஃபாரத்தின் நடுவில் விழும்படி அடுக்கினால் இரண்டும் ஒரே தாளில் அமையும். 14 இடப்பக்கம் வருகிறதா என்பதை அச்சுக்கு முன் செய்யும் மாதிரி நூலான டம்மியிலேயே பார்த்துவிடுங்கள்.

நானூறு பக்கத்துக்கு மேல் உள்ள நூல் 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) மேட் ஆர்ட் தாளில், இந்த அளவில், இரண்டு கிலோவைத் தொடும். அந்தப் பாரத்தை வெறும் பசை தாங்காது. தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் எங்கள் ஊர் ஈரத்தில் பக்கங்கள் அலை அலையாக நெளியும். பளபளப்பு ஆர்ட் தாள் வேண்டாம், டியூப் லைட்டில் கண் கூசும். ஆறாம் அத்தியாயம் போகப்போக இருளும். நான்கு மையும் சேர்ந்து 300 சதவீதத்தைத் தாண்டினால் மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். அட்டைக்கு வெளியே மட்டும் லேமினேஷன் போட்டால் உள்பக்கம் மட்டும் ஈரம் குடித்து அட்டை வளையும். உள்ளே ஒட்டும் எண்ட் பேப்பர் கனமாக, 140 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் இருந்தால் அந்த இழுவையைத் தாங்கும்.

பைண்டிங் முடிந்த மறுநாளே ஷ்ரிங்க் கவர் போடாதீர்கள். பசையின் ஈரம் உள்ளேயே சிக்கிப் பூஞ்சை பிடிக்கும். நான்கைந்து நாள் பாரம் வைத்துக் காயவிடுங்கள். பெட்டி கொடுத்தே தீர வேண்டுமென்றால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியும் விரல் நுழைய ஒரு வெட்டும் வையுங்கள். இடவப்பாதி மழைக்காலத்தில் நூல் உப்பிவிடும். இறுக்கமான பெட்டியிலிருந்து முதுகின் தலையைப் பிடித்து இழுத்தால் துணி கிழிந்து கையோடு வரும்.

பார்சல் கம்பம், குமுளி வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ கொண்டை ஊசி வளைவுகளில் மலையேறுகிறது. பபிள் ஷீட் ஒரு சுற்று போதாது. முதலில் நூலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி, மூலைகளுக்கு அட்டைக் காப்பு வைத்து, ஐந்தடுக்குப் பெட்டியில் நூல் அசையாதபடி நிரப்பி அனுப்புங்கள். ஆர்ட் தாள் நனைந்து காய்ந்தால் அதன் பூச்சு ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிடும். பிறகு அதைப் பிரிக்க வழியே கிடையாது.

ஒரு வேண்டுகோள். அச்சுக்குப் போகும் முன், அதே தாளில், அதே அட்டையில், வெற்றுப் பக்கங்களோடு ஒரே ஒரு டம்மி தைத்து எங்களுக்கு அனுப்புங்கள். ஜூன், ஜூலை இரண்டு மாதம் இங்கே திறந்த அலமாரியில் வைத்திருந்து, அட்டை எத்தனை மில்லிமீட்டர் வளைந்தது, பக்கம் எங்கே நெளிந்தது, எந்தத் தையல் தளர்ந்தது என்று அளந்து, படத்தோடு எழுதித் திருப்பி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களின் தமிழ்க் காமிக்ஸ் வாசகர்கள்