அந்த 500 ரூபாயை உயர்த்துங்கள்: கொல்லிமலையிலிருந்து வணிகத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மத்திய வணிகத் துறை அமைச்சகத்திலும் அயல்நாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்திலும் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம். மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை, அதாவது வெளிநாட்டு மிளகு உள்ளே வர பில்லில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச விலை, கிலோ 500 ரூபாய் என்று நீங்கள் அறிவித்தது 2017 டிசம்பரில். யார் கேட்டார்கள், எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கும், அதைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப்போவதில்லை. நான் கேட்க வந்தது ஒன்றுதான். அந்த 500 ரூபாயை உயர்த்துங்கள்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் சோளக்காட்டுச் சந்தையில் 680க்கு எடுத்த அதே வியாபாரி இந்த வாரம் அதே மிளகைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு 610 என்கிறார். மிளகில் குறை இல்லை, நன்றாகக் காய்ந்தது, தூசி தும்பு இல்லாமல் தூற்றியது. ஏன் என்று கேட்டால், "தூத்துக்குடியில கொழும்புச் சரக்கு எறங்கிடுச்சுப்பா, அடுத்த வாரம் இந்த விலையும் கிடைக்காது" என்கிறார். அது நிஜமா புளுகா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வழியும் இல்லை. கீழே காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற வண்டியில் என்ன செய்தி வருகிறதோ அதுதான் எங்களுக்கு உலகச் சந்தை. கப்பல் வந்ததோ வரவில்லையோ, கிலோவுக்கு எழுபது ரூபாய் போய்விட்டது.

அந்த எழுபது ரூபாய் இங்கே எப்படி வலிக்கும் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல அனுமதியுங்கள், மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

இங்கே பெரும்பாலான குடும்பங்களுக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர், மிஞ்சிப்போனால் இரண்டு. மிளகு பறிப்பு தை, மாசி, பங்குனியில். ஆனால் கையில் காசு தீர்ந்துபோவது அதற்கு வெகு முன்னாலேயே, ஐப்பசி கார்த்திகையில். அப்போது மருத்துவச் செலவோ, கல்லூரிக் கட்டணமோ, ஒரு சாவோ கல்யாணமோ வந்தால் நாங்கள் போய் நிற்பது வங்கி வாசலில் இல்லை, மிளகு வியாபாரி வீட்டு வாசலில். அவரும் முகம் சுளிக்காமல் முன்பணம் கொடுப்பார், அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரை விட்டால் இந்த மலையில் கேட்டவுடன் கொடுக்க ஆளில்லை. கணக்கு தீர்ப்பது மட்டும் பறிப்பு முடிந்தபின், அன்றைய சந்தை விலைக்கு. 21,000 ரூபாய் வாங்கியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை 700 என்றால் 30 கிலோ மிளகு கொடுத்துக் கடனை அடைத்துவிடலாம். விலை 600 என்றால் அதே கடனுக்கு 35 கிலோ.

ஐந்து கிலோதானே என்று நினைக்கலாம். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால்தான் ஒரு கிலோ கருமிளகு. ஆக அந்த ஐந்து கிலோ என்பது பதினைந்து கிலோ பச்சை மிளகு. அதைப் பறிக்க ஒருவர் ஒற்றை மூங்கில் ஏணியை மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து, முப்பது நாற்பது அடி உயரத்தில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் மரத்தைப் பிடித்து மறு கையால் சரம் சரமாக உருவ வேண்டும். மரம் நிற்பது சரிவில், பனி ஈரத்தில் ஏணியின் கால் வழுக்கும். எங்கள் பக்கத்து ஊரில் விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தவர் உண்டு, பறிப்புக் காலத்தில் யாராவது விழுந்தார்கள் என்ற பேச்சு இல்லாத வருஷம் இல்லை. இதனால்தான் இளவட்டப் பசங்கள் மரம் ஏற மாட்டேன் என்று திருப்பூருக்கும் நாமக்கல் லாரிப் பட்டறைகளுக்கும் போய்விடுகிறார்கள். ஏறுகிற ஆளுக்குக் கொடுக்கிற கூலி 2016இல் கொடுத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் கூலியும் போதாது என்றுதான் நானே சொல்வேன்.

2016 என்று ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், அந்த வருஷம் கொச்சியில் மிளகு 700 ரூபாயைத் தொட்டது. அதைப் பார்த்துத்தான் இங்கே இருந்த கொஞ்ச நஞ்சம் சாமை, மரவள்ளியையும் விட்டுவிட்டுப் பலர் மிளகுக்கொடி நட்டார்கள். கொடி காய்க்க மூன்று நாலு வருஷம் ஆகும். அது காய்ப்புக்கு வந்தபோது, 2019இல், விலை 350க்குப் பக்கத்தில் கிடந்தது. நெல்லோ கம்போ என்றால் அடுத்த பட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம், மரத்தில் ஏறிய கொடியை என்ன செய்ய? அந்த வருஷம் பறித்தால் கூலிக்குக் கட்டாது என்று சிலர் கொடியிலேயே விட்டார்கள். இப்போது விலை மறுபடி தலைநிமிர்ந்து, கொச்சியில் பேசுகிற விலை அந்தப் பழைய 700ஐச் சுற்றித்தான் நிற்கிறது. இத்தனை வருஷம் கழித்து, அதே 700. உரம், டீசல், கூலி, எதுவும் 2016இல் நிற்கவில்லை. உங்கள் 500 மட்டும் 2017இல் நிற்கிறது.

கன்றுக்குட்டிக்குப் போட்ட வேலியை வைத்துக்கொண்டு மாட்டைத் தடுக்க முடியாது, ஐயா. வெளிநாட்டில் மிளகு 200 ரூபாய்க்குக் கிடந்த காலத்தில் 500 என்பது ஒரு தடை. அப்போதும்கூட 200 ரூபாய்ச் சரக்குக்கு 500 என்று பில் போட்டு இறக்குகிறார்கள் என்று விவசாயிகள் சங்கங்கள் கத்தின. 2018 மார்ச்சில் 500க்குக் கீழே வந்தால் இறக்குமதியே தடை என்று நீங்கள் இறுக்கிப் பிடித்தீர்கள், நன்றி, மறக்கவில்லை. இப்போது உலக விலையே 500க்கு மேலே போய்விட்டது. யாரும் பொய் பில்கூடப் போடத் தேவையில்லை, நேராக நடந்து உள்ளே வரலாம்.

இறக்குமதி வரி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 70 சதவீதம். வியட்நாம் உள்ளிட்ட தென்கிழக்காசிய நாடுகளோடு போட்ட ஆசியான் ஒப்பந்தத்தில் அது படிப்படியாக இறங்கி 2019 முடிவில் 50 சதவீதத்துக்கு வந்துவிட்டது. அது வியட்நாமிலிருந்து நேராக வருகிற சரக்குக்கு. இலங்கையிலிருந்து வந்தால் தெற்காசிய ஒப்பந்தத்தின்படி 8 சதவீதம். 1998இல் கையெழுத்தான இந்தியா-இலங்கை ஒப்பந்தத்தின்படி வருஷத்துக்கு 2,500 டன் வரை அந்த எட்டும் கிடையாது. உலகத்திலேயே அதிகம் மிளகு விளைகிற நாடு வியட்நாம். நேராக வந்தால் 50, கொழும்பு வழியாகச் சாக்கு மாற்றி வந்தால் 8 அல்லது பூஜ்யம். வியாபாரம் தெரிந்தவன் எந்த வழியில் வருவான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இலங்கை மாத்தளையில் மிளகு விளைவிக்கிறவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவரும் என்னைப் போல அரை ஏக்கர்க்காரர், அவர் மிளகின் காரம் உலகம் முழுக்கப் பேசப்படுவது. அவர் பெயரைச் சொல்லி வேறு நாட்டுச் சரக்கு வந்தால் அவருக்கும்தான் நஷ்டம். அதேபோல, மிளகுச் சாறு எடுத்து ஏற்றுமதி செய்கிற தொழிற்சாலைகளுக்கு மலிவான மிளகு வேண்டும், அது வரட்டும், திரும்ப வெளியே போகட்டும், அவர்களுக்கு இந்த 500 கணக்கிலிருந்து விலக்குக் கொடுத்ததையும் நான் எதிர்க்கவில்லை. வந்ததெல்லாம் வெளியே போனதா என்று யாராவது எடை போட்டுப் பார்க்கிறார்களா என்பதுதான் கேள்வி.

மலிவாக வந்தால் மக்களுக்கு நல்லதுதானே என்று தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் உண்டு. சரி. 700 ரூபாய் மிளகு 350 ஆனபோது கடையில் மிளகுத்தூள் பாக்கெட் விலை பாதியானதா? ஓட்டலில் மிளகு ரசத்துக்கும் பெப்பர் சிக்கனுக்கும் விலை குறைத்தார்களா? அந்தப் பாதிப் பணம் எங்கேயோ போயிருக்கிறது, கொல்லிமலைக்கு வரவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அப்புறம் இந்த ஜிஎஸ்டி கதை. காயவைத்த மிளகும் விவசாயி விற்றால் வரி கிடையாது என்று ஜிஎஸ்டி மன்றத்தின் 2024 டிசம்பர் கூட்டத்தில்தான் விளக்கம் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலையில். வெயிலில் காயவைத்தால் மிளகு தொழிற்சாலைப் பொருளாகிவிடுமா என்று முடிவுசெய்ய ஏழு வருஷத்துக்கு மேல். எங்கள் பாட்டி களத்தில் தார்ப்பாய் விரிக்கும்போது ஓர் ஆலையைத்தான் நடத்திக்கொண்டிருந்தார் போல, தெரியாமல் போய்விட்டது.

இது உங்கள் இலாகா இல்லை, தெரியும். ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவுக்கு வந்து மலர்க் கண்காட்சி பார்த்து, ஓரியின் கொடைத்தன்மையைப் புகழ்ந்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிப் போகிறவர்களும் உங்கள் இலாகா இல்லை. வங்கிக் கடனுக்குப் பட்டா கேட்டு அலையவைப்பதும், காட்டெருமை கொடியை மிதித்தால் இழப்பீட்டுக்கு நடையாய் நடக்கவைப்பதும் வேறு வேறு அலுவலகங்கள். ஒவ்வொரு கதவிலும் "இது எங்களிடம் இல்லை" என்றே கேட்டு வளர்ந்ததால், நிஜமாகவே உங்களிடம் மட்டுமே இருக்கிற ஒன்றைக் கேட்கிறேன். ஒரு எண். கொச்சியில் இருக்கிற நறுமணப் பொருள் வாரியத்திடம் இன்று ஒரு கிலோ மிளகு விளைவிக்க என்ன செலவாகிறது என்று கேளுங்கள், மலைச்சரிவில் சில்வர் ஓக்கில் ஏறிப் பறிக்கிற செலவையும் சேர்த்துக் கேளுங்கள், அதன்படி அந்த 500ஐத் திருத்துங்கள். இனி வருஷத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். சட்டம் வேண்டாம், நாடாளுமன்றம் வேண்டாம், 2017இல் செய்ததைப் போல ஓர் அறிவிக்கை போதும்.

கூடவே சின்னதாக ஒன்று. எந்தத் துறைமுகத்தில் எந்த நாட்டிலிருந்து எத்தனை டன் மிளகு, என்ன விலைக்கு இறங்கியது என்பதை வாராவாரம், தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும், போனில் படிக்கிற மாதிரி வெளியிடுங்கள். இங்கே மலைமேல் செம்மேட்டில் போன் சிக்னல் கிடைக்கிறது. வியாபாரி கப்பல் வந்துவிட்டது என்றால் நாங்களும் பார்த்து, ஆமாம் வந்தது என்றோ, எங்கே வந்தது காட்டுங்கள் என்றோ கேட்டுக்கொள்வோம்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாண்டிக்குடியிலும் ஏற்காட்டிலும் கூடலூரிலும் குடகிலும் வயநாட்டிலும் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைவிடக் காட்டமாக எழுதுவார்கள். பறிப்பு பங்குனி வரை நடக்கும். அது முடிந்து கடன் கணக்குத் தீர்க்கிற நாளுக்கு முன்னால் அந்த 500ஐ உயர்த்தி ஓர் அறிவிக்கை போடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால் ஏன் முடியாது என்று ஒரு வரி எழுதுங்கள், ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளைகளை வைத்துப் படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொல்லிமலை, வளப்பூர் நாட்டிலிருந்து
ஒரு மிளகு விவசாயி