அந்த 10 நிமிடத்தை எங்களுக்குக் கொடுங்கள்

ஆலைப் பராமரிப்பு மேலாளர்களுக்கு,

வணக்கம். வெல்டுகளை வெட்டாமல், உடைக்காமல் சோதித்துக் குறை சொல்லும் வேலை என்னுடையது. ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் நேரத்தில் உங்களுக்கு இருக்கும் நெருக்கடி தெரியும். இருந்தாலும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஒருமுறை அழுத்தக் கலம் ஒன்றின் வெல்டில் சாயச் சோதனை. சிவப்புச் சாயத்தைத் தடவி ஊறவிட்டு, மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு, விரிசலுக்குள் போன சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பரைத் தெளித்தேன். பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. "அதான் ஒன்றுமில்லையே, எழுதிக் கொடுங்கள், மூடிவிடலாம்" என்றார் பொறுப்பில் இருந்தவர். நான் நகரவில்லை. எட்டாவது நிமிடம் வெல்டின் ஓரத்தில் முடி போல ஒரு சிவப்புக் கோடு தலைகாட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கசிந்து தடித்தது.

இறுக்கமான விரிசலுக்குள் சாயம் மெல்லத்தான் இறங்கும், மெல்லத்தான் மேலே வரும். அதை விரட்ட முடியாது. வழக்கமாக ஊற 10 நிமிடம், டெவலப்பர் போட்ட பிறகு 10 நிமிடமாவது வேண்டும். அப்புறம், சுத்தம் செய்கிறோம் என்று சோதனைக்கு முன்னால் கிரைண்டரோ மணல் வீச்சோ வேண்டாம். உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். சாயம் நுழைய வழியே இருக்காது.

ஒலியை உள்ளே அனுப்பி எதிரொலியைப் பார்க்கும் அல்ட்ராசானிக் வைத்துச் சட்டென்று பார்க்கலாமே என்பார்கள். ஒலி போகும் திசைக்கு இணையாக விரிசல் கிடந்தால் எதிரொலி சரியாகத் திரும்பாது. கோணம் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கும் நேரம்தான்.

1989-இல் யுனைடெட் 232 விமானத்தின் வால் எஞ்சினில் டைட்டானியம் விசிறித் தட்டு வானிலேயே உடைந்து சிதறியது. விமானத்தில் இருந்த 296 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய பராமரிப்பில் அதே தட்டை ஒளிரும் சாயம் போட்டுச் சோதித்திருந்தார்கள். விரிசல் அப்போதே இருந்தது, கண்ணில் படவில்லை. சோதிப்பவரும் மனிதர், அவருக்கும் எல்லை உண்டு என்பதைப் பரிசோதனை முறை போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை என்றது விசாரணை அறிக்கை. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் நானும் நின்றிருக்கலாம்.

உங்கள் ஷட்டவுன் அட்டவணையில் பெயின்டுக்குத் தனி வரி இருக்கிறது. சோதனைக்கும் ஒரு வரி போடுங்கள். அதன் நேரத்தை எங்களைக் கேட்டு எழுதுங்கள். வேறு வேலை இழுத்துவிட்டால் அந்த வரியிலிருந்து மட்டும் நிமிடங்களைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பரிசோதகர்