சோற்றுப் பானையும் பூட்டு ஊசியும் ஒரே பட்டியலில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு காம்பிங் செல்லும் குடும்பங்களுக்கென்று தங்கள் பத்திரிகை அண்மையில் வெளியிட்டிருந்த சரிபார்ப்புப் பட்டியலை வாசித்தேன். (முகாம் என்று தமிழில் எழுதலாம்தான், அந்தச் சொல் எங்களில் பலருக்கு வேறு நினைவுகளைக் கிளறும் என்பதால் காம்பிங் என்றே எழுதுகிறேன்.) நல்ல முயற்சி. எனினும் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. 46 விடயங்கள் கொண்ட அந்தப் பட்டியலில் சோற்றுப் பானை 9ஆவதாகவும், நுளம்பு மருந்து 14ஆவதாகவும், ட்ரெயிலரை வாகனத்தோடு பிணைத்து வைக்கும் தாழ்ப்பாளின் பூட்டு ஊசி 31ஆவதாகவும் இடம்பெற்றிருந்தன. பானையை மறந்தவர் பக்கத்துக் கூடாரத்தில் இரவல் வாங்கிச் சமைத்துவிடலாம். ஊசியை மறந்தவருடைய 2,500 கிலோ ட்ரெயிலர் 400ஆம் நெடுஞ்சாலையில் யாருடைய வாகனத்தின் மீது போய் மோதும் என்று யாராலும் சொல்ல முடியாது. இவ்விரண்டையும் ஒரே தாளில், ஒரே அளவு எழுத்தில், அடுத்தடுத்து அச்சிடுவது பட்டியலே இல்லாமல் போவதைவிட ஆபத்தானது என்று நான் கருதுகிறேன். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டும்.

நான் ரொறன்ரோப் பெரும்பாகத்து மருத்துவமனை ஒன்றின் அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் நீண்ட காலம் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பட்டியல்களோடே வாழ்ந்தவள் என்று சொல்லலாம். அப்படியிருந்தும், தொழிலாளர் தின வார இறுதியொன்றின்போது அல்கொன்குவின் பூங்காவில் இருந்து வீடு திரும்பப் புறப்பட்ட காலையில், எங்கள் ட்ரெயிலர் வாகனத்தை விட்டுக் கழன்றது. என் கணவர் ட்ரெயிலரைக் கொழுவிக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்து இடத்துக் குடும்பம் விடைபெற வந்தது; கைகுலுக்கி, பிள்ளைகளைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு அவர் நேரே சாரதி இருக்கைக்குப் போய்விட்டார். ட்ரெயிலரின் முன்முனையில் உள்ள கப்ளர் என்னும் கவ்வி, வாகனத்தின் பின்புறத்து இரும்புப் பந்தின் மீது அமர்ந்திருந்தது, ஆனால் தாழ்ப்பாள் போடப்படவில்லை. மரத்து வேர் புடைத்திருந்த ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் அது துள்ளிக் கழன்றுவிட்டது. நடை வேகத்தைவிடச் சற்றே கூடிய வேகந்தான் என்பதாலும், குறுக்காகப் போட்டிருந்த இரண்டு சங்கிலிகளும் முன்முனையைத் தொட்டில்போல் ஏந்திக்கொண்டதாலும், முன்முனையை உயர்த்தி இறக்கும் ஜாக்கின் பாதம் வளைந்ததோடு தப்பினோம்.

எனக்கு வெட்கம் தந்தது அதுவன்று. எங்களிடமும் ஒரு பட்டியல் இருந்தது. அதில் எல்லா வரிகளுக்கும் சரிக்குறி இடப்பட்டிருந்தது. அந்தக் குறிகளை முந்தின இரவே, தேநீர் குடித்தபடி, நானேதான் இட்டிருந்தேன். காலையில் எப்படியும் செய்யத்தானே போகிறோம் என்ற எண்ணம்.

இதே கதை எங்கள் தொழிலிலும் நடந்திருக்கிறது. உலக சுகாதார அமைப்பு 2008இல் அறிமுகப்படுத்திய அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 விடயங்கள்தாம் இருந்தன. அவையும் மயக்க மருந்து கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளி கூடத்தை விட்டுப் போகுமுன் என மூன்று தரிப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ரொறன்ரோவும் புதுடில்லியும் உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பரீட்சித்துப் பார்த்து 2009இல் வெளியிட்ட முடிவுகளின்படி, இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன. அதைத் தொடர்ந்து 2010இல், பட்டியலின் பயன்பாட்டு விகிதத்தைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்று ஒன்ராறியோ மருத்துவமனைகள் பணிக்கப்பட்டன. ஏறத்தாழ எல்லா இடங்களிலும் பட்டியல் முழுமையாகப் பயன்படுத்தப்படுவதாகவே அறிக்கைகள் கூறின. ஆனால் மாகாணத்தின் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், பட்டியலுக்கு முன் 0.71 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம் பின்னர் 0.65 ஆகவே இருந்தது. அதைக் குறிப்பிடத்தக்க மாற்றமாகக் கொள்ள முடியாது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. ஆய்வுக் காலம் குறுகியது, பயிற்சி போதாது என்று பலரும் பல விளக்கங்கள் தந்தார்கள். கூடத்தில் நின்றவள் என்ற முறையில் என் கணிப்பு எளிமையானது: எல்லோரும் கையில் இருந்த வேலையை நிறுத்தி, ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் மறுமொழி சொன்ன இடத்தில் அந்தத் தாள் வேலை செய்தது, பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட இடத்தில் அது வெறுந்தாளாகவே இருந்தது.

ஆகவே இப்போது எங்கள் ட்ரெயிலருக்கு நான்கு சிறு அட்டைகள் இருக்கின்றன. சமையல் சாமான், உடுப்பு, நுளம்பு மருந்து எல்லாம் வேறொரு தாளில், வீட்டில் இருக்கின்றன. அதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். அட்டையை நான் வாசிப்பேன், கணவர் அந்தந்தப் பொருளைக் கையால் தொட்டு மறுமொழி சொல்வார். கண்ணால் பார்த்துச் சொன்னால் ஏற்றுக்கொள்வதில்லை. "தொட்டுச் சொல்லுங்கோ" என்பேன். இடையில் யாராவது வந்து பேசினால், விட்ட இடத்தில் தொடர்வதில்லை, முதல் வரியிலிருந்தே தொடங்குவோம். ஆரம்பத்தில் அவருக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது.

முதல் அட்டை கொழுவுதலைப் பற்றியது. பந்தின் அளவு முதல் வரி. சந்தையில் 2 அங்குலப் பந்தும் 2 5/16 அங்குலப் பந்தும் பரவலாகப் புழங்குகின்றன. பெரிய பந்துக்கான கப்ளரைச் சிறிய பந்தின் மீது வைத்தால் தாழ்ப்பாள் ஒழுங்காகப் பூட்டியதுபோலவே தோன்றும், முதல் பெரிய குழியில் கழன்றுவிடும். இரவல் ட்ரெயிலரோ வாடகை ட்ரெயிலரோ எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அளவு பந்தின் தலையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அடுத்தது தாழ்ப்பாள், அதன் ஊசி. அதற்கடுத்தது எங்கள் அட்டையில் சிவப்பு மையால் எழுதப்பட்ட ஒரே வரி: தாழ்ப்பாள் போட்ட பிறகு ஜாக்கைச் சுற்றி முன்முனையை உயர்த்திப் பார்ப்பது. கப்ளர் உண்மையிலேயே பந்தைக் கவ்வியிருந்தால் வாகனத்தின் பின்புறமும் கூடவே சில அங்குலம் எழும்பும். கவ்வாவிட்டால் கப்ளர் மட்டும் தனியாக எழும்பிவிடும். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையை அன்று அல்கொன்குவினில் செய்திருந்தால் இந்தக் கடிதம் எழுதப்பட்டிராது.

பின்னர் சங்கிலிகள். ஒன்றுக்கொன்று சுயாதீனமான இரண்டு பிணைப்புகள் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைச் சட்டம். சங்கிலிகளைக் குறுக்காகப் போடுவது, கப்ளர் கழன்றாலும் முன்முனை தரையில் குத்தாமல் இருப்பதற்காக. மொத்த எடை 1,360 கிலோ அல்லது அதற்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குத் தனியே பிறேக் இருக்க வேண்டும் என்பதும் சட்டந்தான். மின்பிறேக் உள்ள ட்ரெயிலரில், வாகனம் பிரிந்துபோனால் ஊசியொன்று இழுபட்டு ட்ரெயிலரின் பிறேக்கைத் தானாகவே அழுத்தும் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அதைச் சங்கிலிக் கொழுக்கியில் மாட்டுவது பலரின் வழக்கம். சங்கிலியே கைவிட்டால் கம்பியும் கூடவே போய்விடும் என்பதால், வாகனத்தின் சட்டகத்தில் தனியாக மாட்ட வேண்டும். அப்படிப் பிரிந்துபோகும்போது பிறேக் இயங்குவது ட்ரெயிலரின் மின்கலத்தில். குளிர்காலம் முழுவதும் கவனிக்காமல் விட்ட மின்கலத்தை நம்பிப் புறப்படக்கூடாது. கடைசியாக விளக்குகள், பிறகு நடை வேகத்தில் நகர்ந்தபடி சாரதியின் கைக்கெட்டும் பிறேக் கட்டுப்பாட்டுக் கருவியின் கைநெம்பை மட்டும் அழுத்தி, ட்ரெயிலர் வாகனத்தைப் பின்னுக்கு இழுக்கிறதா என்று பார்ப்பது.

பாரம் ஏற்றுவதைப் பற்றி எந்தப் பட்டியலும் போதிய அளவு சொல்வதில்லை. தங்கள் பட்டியலும் சொல்லவில்லை. என் பாட்டனார் ஊரில் மாட்டுவண்டி வைத்திருந்தவர். மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலெழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். புறப்படுமுன் கடையாணியையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். ட்ரெயிலரின் கணக்கும் ஏறத்தாழ அதேதான். பாரம் ஏற்றிய மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை பந்தின் மீது அழுந்த வேண்டும். 2,500 கிலோவுக்கு அது 250 முதல் 375 கிலோ. அதற்குக் குறைந்தால் ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கும். எங்கள் ஆட்களோ அரிசி மூட்டையையும் குளிர்ப்பெட்டிகளையும் கதிரைகளையும் பின்பக்கத்தில் அடுக்கி, போதாதென்று நான்கு சைக்கிள்களையும் பின்பம்பரில் கட்டுகிறார்கள். பின்பாரம் கூடிய ட்ரெயிலரைப் பெரிய பாரவூர்தியொன்று வேகமாகக் கடந்துபோகும்போது எழும் காற்றே அதை ஆடவைக்கப் போதும். அப்படி ஆடத் தொடங்கினால் வாகனத்தின் பிறேக்கை மிதிக்கக்கூடாது, வேகத்தைக் கூட்டவும் கூடாது. சுக்கானை நேராகப் பிடித்து, காலை எடுத்துவிட்டு, முன்சொன்ன கைநெம்பால் ட்ரெயிலரின் பிறேக்கை மட்டும் மெல்ல அழுத்த வேண்டும். அந்த நெம்பு எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தொடத் தெரிந்திருப்பதும் எங்கள் அட்டையில் ஒரு வரி.

இரண்டாவது அட்டைக்கு முதல் தரிப்பு என்று பெயர். ரயர்களின் காற்று புறப்படுமுன் குளிர்ந்த நிலையில் பார்க்கப்பட வேண்டியது. தரிப்பிடத்தில் பார்ப்பது சூட்டை. சில்லின் மையத்தில் புறங்கையை அருகே வைத்துப் பார்த்தால், ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதிப்பது தெரிந்துவிடும். சில்லின் பெயாரிங்கோ பிறேக்கோ பழுதென்று அர்த்தம். சில்லைக் கழற்றி மாட்டியிருந்தால், முதல் 80 கிலோமீற்றருக்குள் நட்டுகளை, இறுக்கத்தின் அளவைக் காட்டும் திருகியால் (torque wrench) மீண்டும் இறுக்க வேண்டும். ரயரின் பக்கச் சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிப்பவை. ட்ரெயிலர் ரயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும் என்பதால், பூ அழியாமல் இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது.

மூன்றாவது அட்டை போய்ச் சேர்ந்ததும் வாசிப்பது. இதில் ஒழுங்குமுறைதான் முக்கியம்: முதலில் இடவலமாக மட்டம் பார்க்க வேண்டும், பிறகு சில்லுகளுக்கு அடைக்கட்டை வைக்க வேண்டும், அதன் பிறகே வாகனத்தைக் கழற்ற வேண்டும், முன்பின் மட்டத்தை ஜாக்கால் சரிசெய்தபின் மூலைத் தாங்குகால்களை இறக்க வேண்டும். அடைக்கட்டைக்கு முன் கழற்றியவரின் ட்ரெயிலர் சரிவில் தானாக நடக்கத் தொடங்கும். காம்பிங் இடத்தில் ட்ரெயிலருக்கு மின்சாரம் தரும் கம்பத்தின் ஆளியை நிறுத்திவிட்டே செருகியைச் செருக வேண்டும். சுடுநீர்க் கலத்தில் தண்ணீர் நிரம்புமுன் மின்சூடாக்கியை இயக்கினால் சூடாக்கி எரிந்துபோகும்; இதில் எனக்கு அனுபவம் உண்டு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

நான்காவது, புறப்படும் அட்டை. படி, அன்ரனா, கூரைச் சாளரம், நிழற்சீலை, எரிவாயுக் கலத்தின் திறப்பு ஆகியவற்றோடு ட்ரெயிலரைச் சுற்றி ஒருமுறை நடந்துவருவதும் அதில் அடங்கும். அந்த அட்டையின் முதல் வரி, உள்ளே ஆள் இல்லை என்பது. பிள்ளை நித்திரை, அப்படியே படுக்கட்டும் என்று ட்ரெயிலருக்குள் பிள்ளையை விட்டு ஓட்டிவந்த பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். ஒன்ராறியோவில் அது சட்டப்படியே குற்றம்.

ஆகவே ஆசிரியர் அவர்கள் அடுத்த முறை இத்தகைய பட்டியலை வெளியிடும்போது, இழுவைக்கான பகுதியைச் சமையல் சாமானிலிருந்து பிரித்து, பெரிய எழுத்தில், வெட்டியெடுத்துத் தடித்த அட்டையில் ஒட்டத்தக்க அளவில் அச்சிட வேண்டுகிறேன். சரிக்குறி இடும் கட்டங்களைத் தயவுசெய்து சேர்க்க வேண்டாம். கட்டம் இருந்தால் கை தானாகப் பேனாவைத் தேடும். எங்கள் கொழுவும் அட்டையில் 11 வரிகள்தாம் உள்ளன. அது ஜாக்கின் கைப்பிடியில் தொங்குகிறது, வாகனத்தின் சாவியும் அதே வளையத்தில்தான் இருக்கிறது. தங்களுக்குப் பயன்படுமென்றால் ஒரு பிரதி அனுப்பிவைக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
மார்க்கம், ஒன்ராறியோ.