ஒரு பெட்டி, மூன்று அடுப்பு

மக்களே,

நீ அனுப்பிய படம் வந்தது. உன் அம்மா புது மைக்ரோவேவ் ஓவனைப் பார்த்துப் பூரித்துப்போனாள். என் கண் போனது அதன் பின்னால் ஓடுகிற ஒயருக்கு. மிக்சி, ஃபோன் சார்ஜர், தண்ணீர் ஃபில்டர் எல்லாம் தொற்றிக்கொண்டிருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், பெரிய பின்னை நுழைக்க ஒரு கன்வெர்ட்டரும் வைத்து, இதையும் சொருகியிருக்கிறாய். அதை இன்றைக்கே உருவிப் போடு. ஃபோனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன். தக்கலையில் கடை போட்டு மிக்சியும் கிரைண்டரும் ஓவனுமாகப் பிரித்து மாட்டியே காலம் போனவன் சொல்வதை மாப்பிள்ளையும் ஒரு தடவை வாசிக்கட்டும்.

ஓவனின் முதுகில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். மைக்ரோவேவுக்கு இத்தனை வாட், கிரில்லுக்கு இத்தனை, கேக் வேகவைக்கிற கன்வெக்‌ஷனுக்கு இத்தனை என்று தனித்தனியாகப் போட்டிருப்பான். கன்வெக்‌ஷன் பெரும்பாலும் 2,000 வாட்டைத் தாண்டும். 2,200 வாட் என்று வை, 230 வோல்ட்டுக்கு ஒன்பதரை ஆம்பியர் இழுக்கும். உன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 6 ஆம்பியருக்குச் செய்தது. ரெண்டு நிமிஷம் சோறு சூடாக்குகிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. முதல் கேக் முக்கால் மணி நேரம் வேகும்போதுதான் பிளாஸ்டிக் கருகுகிற வாடை வரும். சுவரில் இருக்கிற 16 ஆம்பியர் பவர் பிளக்கில் நேராகப் போடு. அந்த பாயின்ட்டுக்கு எர்த் வந்திருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை, "எல்லாம் இருக்கு" என்பார். ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டெஸ்ட் பண்ணிப் பார். இன்வெர்ட்டர் லைனில் மட்டும் இதைக் கொடுத்துவிடாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ வாங்கியிருப்பது ஒரே பெட்டிக்குள் மூன்று அடுப்பு. மைக்ரோவேவ் அடுப்பில் மேக்னட்ரான் என்ற குழாய் 2,450 மெகாஹெர்ட்ஸ் அலையை உள்ளே விடும். அந்த அலை சாப்பாட்டில் இருக்கிற தண்ணீரையும் கொழுப்பையும் உலுக்கிச் சூடாக்கும், கண்ணாடியையும் பீங்கானையும் ஊடுருவிப் போகும், எவர்சில்வர் அலுமினியம் பட்டால் திரும்பி வரும். பெட்டிக்குள் இருக்கிற காற்றை அது சூடாக்குவதில்லை. கிரில் என்பது மேல்கூரையில் இருக்கிற ஹீட்டர், பழுத்துச் சிவந்து மேல்பக்கத்தை முறுகவைக்கும். கன்வெக்‌ஷனில் ஒரு ஹீட்டரும் ஒரு காற்றாடியும் சேர்ந்து 180, 200 டிகிரிக் காற்றைப் பெட்டி முழுக்கச் சுழற்றும். இந்த மூன்றுக்கும் சட்டம் வேறு வேறு. கடைக்கு ரிப்பேருக்கு வந்த ஓவன்களில் நிறைய, ஒரு அடுப்பின் பழக்கத்தை இன்னொரு அடுப்பில் காட்டியதால் வந்தவை. பட்டனை அமுக்கும் முன்னால், இப்போது எந்த அடுப்பைப் பற்றவைக்கிறேன் என்று ஒரு நொடி யோசித்துக்கொள்.

பாத்திரத்தில்தான் முதல் குழப்பம் வரும். கேக் வேகவைக்கிற அலுமினியத் தட்டு மைக்ரோவேவில் ஆகாது, பொறி பறக்கும். கன்வெக்‌ஷனில் அதே தட்டுதான் நல்லது. பிளாஸ்டிக் டப்பாவுக்கு இது தலைகீழ். அடியில் 'மைக்ரோவேவ் சேஃப்' என்று அச்சடித்திருப்பது அலைக்கு மட்டும் கொடுத்த சான்றிதழ், 200 டிகிரிக் காற்றில் அந்த டப்பா கூழாகிவிடும். காம்பி என்ற பட்டனை அமுக்கினால் அலையும் சூடும் ஒன்றாக வரும், அப்போது இரண்டையும் தாங்குகிற பாத்திரம் வேண்டும். சூடு தாங்குகிற போரோசிலிகேட் கண்ணாடிப் பாத்திரம் ரெண்டு வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று அடுப்புக்கும் அதுவே போதும். கூடவே வந்த கம்பி ஸ்டாண்டை காம்பியில் வைக்கலாமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். புத்தகத்தைத் தூக்கிப் பரணில் போட்டிருப்பாய், அந்த ஒரு பக்கத்தையாவது எடுத்துப் பார்.

கல்யாணத்துக்கு வந்த தங்க ஓரம் போட்ட டின்னர் செட்டை மைக்ரோவேவ் பக்கமே கொண்டுபோகாதே. பிரியாணிப் பார்சலுக்குள் இருக்கிற வெள்ளித் தாள், டீ பேக்கில் குத்தியிருக்கிற ஸ்டேப்ளர் பின், வாழையிலைப் பொட்டலத்தைச் சுற்றிய நியூஸ் பேப்பர், எல்லாவற்றையும் பிரித்துக் கிண்ணத்தில் போட்டுத்தான் சூடாக்க வேண்டும். அப்புறம் நீ இங்கிருந்து தூக்கிக்கொண்டு போன மீன் சட்டி. மேலே பூச்சு இல்லாத மண்சட்டி தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். அலை பட்டால் கறிக்கு முன்னால் சட்டி கொதிக்கும், கையைச் சுடும், சில நேரம் விரிந்தும் போகும். சட்டியை கேஸ் அடுப்புக்கு வைத்துக்கொண்டு, சாளைக் கறியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே ஒரு தட்டைச் சற்றுத் திறந்தாற்போல் கவிழ்த்துச் சூடாக்கு. தேங்காய் அரைத்த கறி சும்மா கிடக்காது, கூரை வரைக்கும் தெறிக்கும்.

அடுத்தது காலிப் பெட்டி. மைக்ரோவேவைக் காலியாக ஓட்டக் கூடாது. அலையை வாங்கிக்கொள்ள உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் அது மேக்னட்ரானுக்கே திரும்பிப் போய் அதைக் கெடுக்கும். ஆனால் கேக்குக்கு முன்னால் கன்வெக்‌ஷனில் காலிப் பெட்டியைத்தான் பத்து நிமிஷம் சூடேற்றச் சொல்வார்கள். அதுவும் சரிதான். தவறுதலாக மைக்ரோவேவ் பட்டனை அமுக்கிவிட்டு, பெட்டி சூடாகிறது என்று நினைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். திரையில் டிகிரி தெரிகிறதா என்று பார்த்துக்கொள்.

கேக் எடுத்த பிறகு பெட்டி அரை மணி நேரத்துக்காவது அடுப்புதான். நீ கேக்கை எடுத்து வெளியே வைத்திருப்பாய். மாப்பிள்ளை வேலை முடிந்து வந்து, விஷயம் தெரியாமல், பிளாஸ்டிக் டப்பாவில் சோற்றை வைத்து மைக்ரோவேவைப் போடுவார். பட்டன் சரி, டப்பாவும் சரி. ஆனால் கீழே இருக்கிற கண்ணாடித் தட்டு நன்றாகக் கொதித்துக் கிடக்கும், டப்பா அதில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆத்திரத்தில் தட்டைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் தட்டும் படாரென்று போகும். கேக்குக்குப் பிறகு காற்றாடி தானாக ஓடிக்கொண்டிருந்தால் சுவிட்சை அணைக்க வேண்டாம், பெட்டி தன்னையே ஆற்றிக்கொள்கிறது. காற்றாடி தானாகவே நிற்கட்டும். பக்கத்திலும் பின்னாலும் ஒரு சாண் இடம் விட்டு வை. மேலே துணி, பாத்திரம் ஒன்றும் அடுக்காதே.

சின்னவன் இப்போது எதையும் பிடித்து எழுந்து நிற்கிற பருவம். மைக்ரோவேவ் ஓடும்போது கதவு ஆறித்தான் இருக்கும், ஒரு வாரம் தொட்டுப் பழகிவிடுவான். அதே கதவின் கண்ணாடி கன்வெக்‌ஷனில் கையை ஒட்டிப் பிடிக்கிற அளவுக்குச் சுடும். அதற்குத்தான் பெட்டியை அவன் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்கிறேன். சைல்ட் லாக் பட்டனும் இருக்கிறது, அவன் முழித்திருக்கிற நேரமெல்லாம் போட்டு வை.

அவனுடைய பால் இந்தப் பெட்டிக்குள் போகவே வேண்டாம். இது ஒன்றில் எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. அலை சமமாகப் பாயாது, பால் புட்டியின் வெளிப்பக்கம் தொட்டால் இளஞ்சூடாகத் தெரியும், நடுவில் ஒரு இடம் மட்டும் கொதித்துக் கிடக்கும். நாக்கில் பட்ட பிறகுதான் தெரியும். வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை இறக்கி வைத்துச் சூடாக்கு. உன்னையும் அப்படித்தான் வளர்த்தோம்.

வெறும் தண்ணீர் சூடாக்குவதிலும் ஒரு வம்பு உண்டு. வழுவழுப்பான கண்ணாடிக் கிளாசில் வைத்தால் கொதிநிலையைத் தாண்டியும் ஒரு குமிழிகூட விடாமல் அமைதியாக நிற்கும். வெளியே எடுத்துக் காப்பித்தூளைப் போட்ட உடனே சீறிக்கொண்டு மேலே வரும், முகத்திலும் கையிலும் கொட்டும். முன்கூட்டியே ஒரு மரக்கரண்டியை உள்ளே போட்டுவிடு, நேரம் முடிந்ததும் அரை நிமிஷம் அப்படியே நிற்கட்டும். முட்டையை ஓட்டோடு வைக்காதே. அவித்த முட்டையை மறுபடி சூடாக்கினாலும் வெடிக்கும், சில சமயம் வாயில் கடிக்கும்போது வெடிக்கும். மரச்சீனிக் கிழங்கு, உருளைக்கிழங்கு என்றால் முள்கரண்டியால் நாலு குத்து குத்திவிட்டு வை. எண்ணெய் ஊற்றிப் பொரிக்கிற வேலை இதில் ஆகாது. அயிலை மீன் துண்டில் மசாலா தடவி, கம்பி ஸ்டாண்டில் கிரில்லில் வைத்தால் முறுகலாக வரும், அதோடு திருப்திப்படு.

பழைய சோறும் கோழிக்கறியும் சூடாக்கும்போது பாதியில் நிறுத்திக் கிளறு. அலை ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஆழம்தான் நன்றாகப் போகும், நடுவில் சூடு மெல்லத்தான் சேரும். ஓரம் கொதிக்கிறது என்று எடுத்தால் நடு பச்சைத்தண்ணீராக இருக்கும், வயிற்றைக் கெடுப்பது அதுதான். நடுவிலிருந்து ஆவி வர வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா "கதிர் வெளியே வரும், கேன்சர் வரும்" என்றார்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல மனசுக்குச் சொன்னதுதான், சண்டைக்குப் போகாதே. இந்த அலை எக்ஸ்ரே மாதிரி உடம்பின் உயிரணுக்களைச் சிதைக்கிற ஜாதி இல்லை. சூடாக்கத்தான் தெரியும். கதவைத் திறந்த நொடியில் நின்றுவிடும், சாப்பாட்டில் ஒன்றும் தங்காது. கதவுக் கண்ணாடிக்குள் பொடிப்பொடி ஓட்டை போட்ட வலை தெரிகிறதல்லவா, அலையின் நீளம் 12 சென்டிமீட்டர், அந்த ஓட்டையில் அது நுழையாது. கதவிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது என்பது உலகம் பூராவும் கம்பெனிகள் பார்க்கிற அளவு. தள்ளி நிற்க நிற்க அதுவும் குறைந்துபோகும். நான் பயப்படுவது கோணிப்போன கதவுக்கு. கதவில் துணி தொங்கவிடுவது, சாய்வது, சின்னவன் அதைப் பிடித்துத் தொங்குவது, இதெல்லாம் கீலைத் தளர்த்தும். கதவு சரியாகப் பொருந்தவில்லை, விளிம்பில் விரிசல் என்றால் அன்றோடு ஓட்டுவதை நிறுத்து.

குளச்சலில் அத்தை வீட்டு ஓவனை நினைவிருக்கும். கடல்காற்றில் உள்ளே பெயின்ட் கொப்புளித்து, துரு ஏறி, அந்த இடத்தில் பொறி பறந்தது. உன் ஊரில் உப்புக்காற்று கிடையாது, ஆனால் அழுக்குக்கு ஊர் ஏது? உள்ளே வலதுபக்கச் சுவரில் பழுப்பு நிறத்தில் அட்டை மாதிரி ஒரு சின்னத் துண்டு இருக்கும். மைக்கா ஷீட். அலை அதன் வழியாகத்தான் உள்ளே வரும். கறி தெறித்து அதில் ஒட்டி, காய்ந்து, கறுத்து, கடைசியில் கரியாகி, அந்தக் கரியில் பட்பட்டென்று பொறி வரும். ஓவனே போச்சு என்று அலறிக்கொண்டு கடைக்குத் தூக்கி வருவார்கள். மைக்கா ஷீட்டை மாற்றினால் பல நேரம் தீர்ந்துவிடும். வாரம் ஒரு தடவை, பெட்டி ஆறிய பிறகு, ஈரத் துணியால் மெல்லத் துடை. கம்பி நாரால் தேய்க்காதே. அந்த ஷீட்டையே அழுக்கு என்று நினைத்துப் பிய்த்து எறிந்தவர்களும் உண்டு.

உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதே. உள்ளே காற்று புகுந்தால் தீ எழும்பும். ஆஃப் பண்ணு, பிளக்கை உருவு, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நில். அதுவே அணையும். இடி மின்னல் நேரத்திலும் பிளக்கை உருவிவிடு.

மாப்பிள்ளைக்கு ஸ்க்ரூ டிரைவர் எடுக்கிற கை துறுதுறு என்று தெரியும். ஃபேனை அவிழ்க்கட்டும், குக்கர் கைப்பிடியை மாட்டட்டும், இதை மட்டும் அவிழ்க்கக் கூடாது. உள்ளே ஒரு கப்பாசிட்டர் இருக்கிறது, 2,000 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும், பிளக்கை உருவிய பிறகும் விடாது. தொழில் தெரிந்தவர்களையே அது தூக்கி எறிந்திருக்கிறது. வாரண்டி கார்டைப் பத்திரமாக வை, கம்பெனி ஆளைக் கூப்பிடு.

அம்மா பக்கத்தில் நின்று இதையும் எழுதச் சொல்கிறாள்: கிறிஸ்துமஸ் கேக்குக்கு அவள் கையால் எழுதிக்கொடுத்த அளவு நம் வீட்டுக் காற்றாடி இல்லாத ஓவனுக்கு உள்ளது. உன் பெட்டியில் காற்றாடி சுழல்வதால் 20 டிகிரி குறைத்து வை, 170 என்று இருந்தால் 150. மேலே சீக்கிரம் சிவந்தால் பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டி மேலே வை. அதன் ஓரம் தட்டை விட்டு வெளியே நீட்டக் கூடாது, காற்று தூக்கி ஹீட்டரில் ஒட்டிவிடும். முந்திரிப்பருப்பு அங்கே வாங்க வேண்டாம், குழித்துறையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறோம். மட்டிப்பழமும் சேர்த்து வியாழக்கிழமை ராத்திரி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். காலையில் மாப்பிள்ளை போய் வாங்கிக்கொள்ளட்டும், பழம் நசுங்காமல்.

இப்படிக்கு,
அப்பா