பிள்ளைகளுக்கு ப்ரீமூவ் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதிலிருந்து எங்கள் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் போனில் செஸ் ஆடுகிறார்கள், என் மகளும்தான். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் செஸ் செய்திகளுக்குக் குறைவில்லை. ஆனால் இவர்கள் ஆடுவதெல்லாம் ஒரு நிமிட, மூன்று நிமிட ஆட்டம், அதில் கைக்கு வந்த வெற்றியை ப்ரீமூவ் போட்டே விட்டுவிடுகிறார்கள். அதைப் பற்றி உங்கள் பக்கத்தில் நான் படித்ததே இல்லை.

எதிராளி யோசிக்கும்போதே நம் அடுத்த நகர்த்தலைப் போட்டுவைப்பதுதான் ப்ரீமூவ். லீசெஸ் என்ற செஸ் தளத்தில் அதற்கு நேரமே குறையாது, செஸ்.காம் தளத்தில் 0.1 நொடி குறையும். போன வாரம் மகளிடம் ராஜாவும் ராணியும் இருந்தன, எதிரில் தனி ராஜா, மிச்சம் நாலு நொடி. ராஜா மூலைக்குத்தான் போகும் என்று நம்பி ராணிக்கு ப்ரீமூவ் போட்டாள். அது வேறு பக்கம் நகர, ராணி காவலில்லாமல் அதன் பக்கத்திலேயே போய் நின்றது, வெட்டிவிட்டார்கள். ஆட்டம் டிரா. அன்று இரவு பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.

எதிராளி எதை ஆடினாலும் இந்த நகர்த்தல் நம்மைக் கெடுக்காதா என்று பார்த்துவிட்டுப் போடு என்றுதான் அவளுக்கு இப்போது சொல்கிறேன். காய் மாற்றத்தில் திருப்பி வெட்டுவதற்குப் போடலாம்: அவர் வெட்டினால் நாமும் வெட்டுவோம், வெட்டாவிட்டால் ப்ரீமூவ் தானாக ரத்தாகிவிடும். நாம் வைத்த செக்குக்கு அவருக்கு ஒரே வழிதான் என்றால் அப்போதும் தைரியமாகப் போடலாம்.

ஆனால் தொடக்கத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். கறுப்பில் சிப்பாயை ஜி6 கட்டத்துக்கு ஆடிவிட்டு அடுத்தது பிஷப் ஜி7 கட்டத்துக்கு என்று பழக்கத்தில் போட்டுவைப்பார்கள். முதலில் சிப்பாயை டி4-க்கு ஆடிய வெள்ளைக் காய்க்காரர் தன் பிஷப்பை எச்6-ல் கொண்டுவந்து வைப்பார். அதைச் சும்மாவே வெட்டியிருக்கலாம், ஆனால் நம் பிஷப் அதற்குள் ஜி7-க்குப் போயிருக்கும், அதை அவர் வெட்டியதும் மூலையில் இருக்கும் யானையும் மாட்டிக்கொள்ளும். ஒரு நொடி மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு காய் போச்சு.

அப்புறம், நகர்த்தலுக்கு 2 நொடி கூடும் ஆட்டத்தில் ராணியை வைத்து முடிக்கும்போது ப்ரீமூவே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த 2 நொடியே போதும்.

சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு பலகைப் படம் போட்டு, இங்கே ப்ரீமூவ் போடலாமா கூடாதா என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் முதலில் அதைத்தான் புரட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்