அந்தப் பூனை கார்லுடையது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாட் டின்னிமன் எழுதும் 'டஞ்சன் க்ராலர் கார்ல்' நாவல் வரிசைக்குச் சென்ற இதழில் வந்த மதிப்புரையை இரண்டு முறை படித்தேன். கார்ல் தன் செல்லப் பூனையோடு பாதாளத்தில் இறங்குகிறான் என்று அதன் முதல் பத்தி சொல்கிறது.

அந்தப் பூனை அவனுடையது அல்ல. அவனை ஏமாற்றிய காதலியுடையது. உறைய வைக்கும் குளிரில், நடு இரவில், அது மரத்தில் ஏறிவிடுகிறது. உள்ளாடையும் மேலே ஒரு தோல் ஜாக்கெட்டுமாக, காலுக்குப் பொருந்தாத அவளுடைய இளஞ்சிவப்புச் செருப்பை மாட்டிக்கொண்டு அதை இறக்க வெளியே வருகிறான். அந்த நேரத்தில்தான் பூமியில் கூரையுள்ளதெல்லாம் நசுங்கித் தரைமட்டமாகிறது. தனக்குச் சொந்தமில்லாத ஓர் உயிருக்காக வெளியே வந்ததால்தான் அவன் பிழைக்கிறான். இது புத்தகத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. இதைத் தவறவிட்டவர் மேற்கொண்டு எவ்வளவு படித்திருப்பார் என்று கேட்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இந்தப் பாத்திரங்களுக்கு எண்கள்தான் உண்டு, மனம் கிடையாது என்றும் மதிப்புரையாளர் எழுதியிருக்கிறார். எண்கள் உண்டுதான். பிழைத்தவர்கள் இறங்கும் அந்தப் பாதாளம் ஒரு கணினி விளையாட்டைப் போல இயங்குகிறது. பலம், அறிவு, வசீகரம் எல்லாவற்றுக்கும் உண்டு. பேசத் தொடங்கிய பூனைக்கு வசீகரம் எகிறி நிற்பதால் அதுதான் நட்சத்திரம், கார்ல் அதன் மெய்க்காப்பாளன். அவர்களுக்குள் இருக்கும் பாசம், வீம்பு, சண்டை எல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் பிறக்கின்றன.

முதல் புத்தகத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் ஆட்கள் வருகிறார்கள். நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் வைத்து, பணியாளர்கள் அரக்கர்களுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போகிறார்கள். விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. நான் என் அம்மாவை ஆறு ஆண்டுகள் சக்கர நாற்காலியில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். வாசல்படியில் நாற்காலியைப் பின்பக்கமாகத்தான் இறக்க வேண்டும். சக்கரம் படியிலிருந்து நழுவும் அந்த ஒரு நொடியில் அம்மாவின் விரல்கள் கைப்பிடியை இறுக்கும். அந்த அத்தியாயத்தைப் படித்த இரவு புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அடுத்த பக்கத்தைத் திருப்பிச் சிரிக்கவும் செய்தேன். இரண்டையும் ஒரே இரவில் எனக்குத் தந்த புத்தகத்துக்கு மனம் இல்லை என்றால் நான் எப்படி ஒப்புக்கொள்வது?

அந்தச் சிரிப்பும் லேசானதல்ல. 18 தளங்கள் கொண்ட அந்தப் பாதாளம் அண்டம் முழுக்க ஒளிபரப்பாகும் ஒரு கேளிக்கை. யாராவது செத்துப் பிழைத்தால் "புதிய சாதனை!" என்று ஒரு குரல் கேலியாக அறிவிக்கும். நாமும் சிரித்துவிடுவோம். சிரித்த பிறகுதான், எங்கோ உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் கூட்டத்தோடு சேர்ந்து சிரித்திருக்கிறோம் என்பது உறைக்கும்.

உங்கள் பத்திரிகைக்கு நகைச்சுவை என்றாலே இளக்காரம் என்பது எனக்குப் புதிதல்ல. டிஸ்க்வேர்ல்டு என்ற நகைச்சுவை வரிசையில் 41 நாவல்கள் எழுதிய டெர்ரி பிராட்செட் 2015-இல் மறைந்தபோது ஒரு பெட்டிச் செய்தி போட்டீர்கள். அப்போதும் எழுதினேன், என் கடிதத்தை நீங்கள் வெளியிடவில்லை. ஆண்டு இறுதிச் சிறந்த நூல் பட்டியலில் சிரிக்க வைத்த புத்தகம் ஒன்றைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று நினைவில்லை. விளையாட்டிலிருந்து வந்த கதை என்றால் அது நேற்று முளைத்த மோகம் என்கிறார்கள். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேஜை விளையாட்டு வெளிவந்தது 1974-இல். பகடையும் பென்சிலும் வைத்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஐம்பது ஆண்டுகளாகக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

இந்த வரிசையை டின்னிமன் 2020-இல் தானே வெளியிட்டார். பெரிய பதிப்பகம் 2024-இல்தான் வந்து சேர்ந்தது. அதுவரை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு இதைக் கொண்டுபோனவர்கள் என்னைப் போன்ற வாசகர்கள்தான். ரசனை கெட்டவர்கள் என்று உங்கள் மதிப்புரை சொல்வது எங்களைத்தான்.

மதிப்புரையைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும்: பூனை கார்லின் முன்னாள் காதலியுடையது, அதன் பெயர் பிரின்சஸ் டோனட். பிரின்சஸ் என்பதை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி